தங்கச்சியின் மூக்குத்தண்டு: முகட்டைத் தூக்குமுன் நடுக்கப்பைப் பாருங்கள்

களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தங்கச்சிக்கு இப்போது 23 வயது. 11 வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து சீமெந்துக் கட்டில் மூக்கு அடிபட்டது. வீக்கம் வற்றியதும் வீட்டில் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்று மூக்குத்தண்டு நடுவில் குழி விழுந்தது போல் இருக்கிறது. இடது பக்கத்தால் மூச்சு சரியாக வருவதில்லை; இரவில் வாயைத் திறந்துகொண்டுதான் படுக்கிறாள். கலியாணப் பேச்சும் தொடங்கிவிட்டது. அழகு நிலையம் ஒன்று ஊசி போட்டு அரை மணித்தியாலத்தில் நிமிர்த்தித் தருவதாகச் சொல்கிறது. கொழும்பில் ஒருவர் சிலிக்கன் வைக்கலாம் என்கிறார். சொந்தக்காரர் ஒருவர் சென்னைக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார். எது சரி, மட்டக்களப்பிலேயே வழி இல்லையா, கலியாணத்துக்கு முன் முடியுமா என்பது அவருடைய கேள்வி.

தம்பி, நான் டொக்டர் அல்ல. காது மூக்கு தொண்டை சத்திரசிகிச்சைக் கூடத்தில் 20 வருஷத்துக்கு மேல் தாதியாக நின்றவள். கொஞ்சக் காலம் கொழும்பில், மிச்சம் நமது கிழக்கில். கத்தி பிடித்ததில்லை, கத்தியை எடுத்துக் கொடுத்த கை இது. தங்கச்சியைப் பார்க்காமல் இன்னதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லக் கூடாது. எதை முதலில் கேட்க வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதைச் சொல்லலாம்.

செய்யக் கூடாததை முதலில் சொல்கிறேன். அழகு நிலையத்து ஊசி வேண்டாம். அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். காரணம் பிறகு வரும்.

செய்ய வேண்டியது, மூச்சு ஏன் அடைக்கிறது என்று காது மூக்கு தொண்டை நிபுணர் ஒருவரிடம் காட்டுவது. உங்களுக்கு இது இரண்டு பிரச்சினையாகத் தெரிகிறது: வெளியே குழி, உள்ளே அடைப்பு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்றுதான் எனக்குப் படுகிறது.

மூக்கை ஒரு கிடுகு வீடாக நினைத்துப் பாருங்கள். நமது பக்கத்தில் வாடி கட்டும்போது நடுவில் கப்பு நட்டு, அதன் மேல் முகட்டு வளையை ஏற்றி, இரண்டு பக்கமும் கிடுகைச் சரித்து வேய்கிறோம் அல்லவா. மூக்கில் மேல் மூன்றில் ஒரு பங்கு எலும்பு. கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடி உட்காருகிற இடம் அது. விரலை வைத்தால் கெட்டியாகத் தட்டுப்படும். இரண்டு சின்ன எலும்புகள் அங்கே கூரை போல வந்து முட்டுகின்றன. அதற்குக் கீழே எலும்பு இல்லை, குருத்தெலும்புதான். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் கசியிழையம் என்று படித்திருப்பீர்கள். நடுப் பங்கில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தகடு, நுனியில் வளைந்த இரண்டு தகடு. இவற்றையெல்லாம் உள்ளே நின்று தாங்குவது இரண்டு துவாரத்தையும் பிரிக்கிற நடுச்சுவர். அதுதான் நடுக்கப்பு. கப்பு உளுத்தால் முகடு தாழும். தாழ்ந்த முகட்டுக்கு மேல் இன்னும் நாலு கிடுகைப் போட்டு மேடாக்கினால் றோட்டில் போகிறவருக்கு நேராகத் தெரியலாம். உள்ளே கப்பு உளுத்தபடிதான் நிற்கும், அதன் மேல் பாரமும் கூடிவிடும்.

தங்கச்சியின் 11 வயதில் என்ன நடந்திருக்கும்? எனக்கு ஒரு பிள்ளையின் ஞாபகம் வருகிறது. சித்திரை வருஷ விளையாட்டுப் போட்டி முடிந்த கிழமை. பையனுக்குப் பத்து வயது இருக்கும். பந்து பட்டு மூக்கால் இரத்தம் வந்திருக்கிறது. ஐஸ் வைத்ததும் நின்றுவிட்டது. ஓரிடத்தில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை, பயமில்லை என்று பெனடோல் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சலோடு எங்களிடம் வந்தான். டோர்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு துவாரத்துக்குள்ளும் நாவற்பழத்தை வைத்து அடைத்தது போல, கருஞ்சிவப்பாகப் பொம்மிய இரண்டு மேடு. பஞ்சுக் குச்சியால் மெல்லத் தொட்டால் அமுங்கியது. கீறிவிட்டதும் இரத்தக் கட்டியோடு சீழ் வந்தது. நடுச்சுவரின் குருத்தெலும்பில் பாதி கரைந்து போயிருந்தது. பிள்ளை பிழைத்தான், காய்ச்சல் மாறியது. ஆறு மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தபோது மூக்குத்தண்டு நடுவில் இறங்கியிருந்தது. தாய் என்னிடம், "அன்றைக்கே உள்ளே பார்த்திருந்தால்?" என்று கேட்டா. அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்ல வாய் வரவில்லை.

குருத்தெலும்புக்குத் தனியாக இரத்தக் குழாய் கிடையாது. அதைப் போர்த்தியிருக்கிற மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. அடிபட்டு அந்தச் சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் இடையில் இரத்தம் தேங்கினால் சாப்பாடு நின்றுபோகும். இரண்டு மூன்று நாளில் அது சாகத் தொடங்கும். கிருமியும் சேர்ந்தால் இன்னும் கெதியாக. இதை எக்ஸ்ரே காட்டாது, எக்ஸ்ரேயில் குருத்தெலும்பே தெரியாது. மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். தேங்கிய இரத்தத்தைக் கீறி எடுத்து, திரும்பத் தேங்காதபடி அடைத்துவிட்டால் மூக்கு தப்பிக்கும். பிள்ளைக்கு என்றால் இன்னொரு பயமும் இருக்கிறது. நடுச்சுவர்தான் மூக்கை முன்னுக்குத் தள்ளி வளர்க்கிறது. அது சின்ன வயதில் கெட்டால் முகம் வளரும்போது மூக்கு பின்தங்கிவிடும்.

அதனால் இதை வாசிக்கிற தாய் தகப்பன் எல்லோருக்கும் சொல்கிறேன். பிள்ளைக்கு மூக்கில் பலமாக அடிபட்டால் அன்றைக்கே உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு தரம் காட்டுங்கள். இரத்தம் வந்தால் தலையைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டாம். முன்னுக்குக் குனிய வைத்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியை இரண்டு விரலால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். எலும்பு கோணியிருந்தால் வீங்குமுன் முதல் சில மணித்தியாலத்துக்குள், அல்லது வீக்கம் வற்றியபின் ஐந்து முதல் பத்து நாளுக்குள் நிமிர்த்தி வைக்கலாம். பெரியவர்களுக்கு இரண்டு கிழமை தாண்டினால் எலும்பு ஒட்டிவிடும், பிள்ளைகளுக்கு அதைவிடச் சுருக்கம். மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு ஒரு துவாரத்தால் மட்டும் தண்ணீர் போல் தெளிவாக வடிந்தால் அதைத் தடிமன் என்று நினைக்காதீர்கள். மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

தங்கச்சிக்கு அந்த நாட்கள் போய்விட்டன. இனி என்ன செய்யலாம்?

வீட்டிலேயே இரண்டு காரியம் செய்து பாருங்கள். பளபளப்பான எவர்சில்வர் கரண்டியைக் குளிர வைத்து மூக்குக்குக் கீழே பிடித்து, வாயை மூடி மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்தாலும் படிகிற ஆவியின் அளவு வித்தியாசமாகத் தெரியும். அடுத்ததாக, அடைத்த பக்கத்துக் கன்னத்தை இரண்டு விரலால் வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்து மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். அப்போது மூச்சு நன்றாக வந்தால், மூக்கின் நடுப்பங்கில் இருக்கிற ஒடுக்கமான வாசல் இடிந்து ஒடுங்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். நல்ல மூக்கிலேயே அந்த வாசலின் கோணம் 10 முதல் 15 பாகைதான். மூக்கால் மூச்சு போகிற வழியில் ஆக ஒடுக்கமான இடம் அது. கொஞ்சம் சரிந்தாலும் மூச்சு முட்டும். இரண்டு சோதனையிலும் கண்டதை எழுதிக்கொண்டு போய் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது அந்த ஊசி. அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஹயலுரோனிக் அமிலம் என்ற களி. மூக்குத்தண்டின் மேல் செலுத்தினால் குழி நிரம்பும், படம் எடுத்தால் நேராகத் தெரியும். ஒரு வருஷம் அளவில் கரைந்து போகும், மூச்சடைப்புக்கு ஒன்றும் செய்யாது. இவ்வளவுதான் என்றால் காசு போனது என்று விட்டுவிடலாம். மூக்குத்தண்டின் மேல் ஓடுகிற நாடி, கண்ணுக்கு இரத்தம் கொண்டுபோகிற நாடியோடு தொடுத்திருக்கிறது. ஊசி தவறி அந்த நாடிக்குள் போனால் களி பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கண்ணின் விழித்திரைக்குப் போகிற குழாயை அடைத்துவிடும். விழித்திரை இரத்தம் இல்லாமல் தாங்குவது ஒன்று, ஒன்றரை மணித்தியாலம்தான். ஊசியால் பார்வை போனவர்களின் கதை உலகம் முழுக்க மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. முகத்தில் இந்த ஆபத்து மிகக் கூடிய இடங்களில் மூக்கும் ஒன்று. தங்கச்சியின் மூக்கு அடிபட்டு உள்ளே தழும்பு விழுந்த மூக்கு; நாடிகள் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இந்த ஊசியைப் போடுகிறவர் டொக்டராக இருக்க வேண்டும், களியைக் கரைக்கிற ஹயலுரோனிடேஸ் மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். புருவம் திருத்துகிற கதிரையில் உட்கார வைத்துப் போடுகிற காரியம் அல்ல இது.

சிலிக்கன் விஷயத்தில் நான் அவ்வளவு கடுமையாகப் பேச மாட்டேன். கொரியா போன்ற ஆசிய நாடுகளில் பிறவியிலேயே தாழ்ந்த மூக்குத்தண்டை உயர்த்தச் சிலிக்கன் பல வருஷமாகப் பாவிக்கிறார்கள். வேறெங்கும் வெட்டத் தேவையில்லை, சத்திரசிகிச்சை சுருக்கமாக முடியும். ஆனால் அது உடம்புக்கு அந்நியப் பொருள். எப்போதாவது கிருமி பிடிக்கலாம், இடம் விலகலாம், தோலை மெலிய வைத்து வெளியே தள்ளலாம். பத்து வருஷம் கழித்தும் நடக்கலாம். தோல் சிவந்து, மினுங்கி, மெலிந்து வந்தால் அதுதான் எச்சரிக்கை. நல்ல தடித்த தோலும் கேடில்லாத நடுச்சுவரும் உள்ள ஒருவருக்கு அது பொருந்தலாம். அடிபட்டு, தழும்பு விழுந்து, கப்பே ஆடிப்போன மூக்கில் சிலிக்கனை ஏற்றுவதற்கு எத்தனையோ நிபுணர்கள் தயங்குவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கொழும்பில் சொன்னவர் மூக்குக்குள் பார்த்துவிட்டுச் சொன்னாரா, வெளியே பார்த்துச் சொன்னாரா? அதைக் கேளுங்கள்.

தங்கச்சி போன்றவர்களுக்கு அதிகமாகச் செய்வது சொந்தக் குருத்தெலும்பை வைத்துக் கட்டியெழுப்புகிற வேலை. நடுச்சுவரை நிமிர்த்துவதும் தண்டை உயர்த்துவதும் ஒரே மயக்கத்தில் நடக்கும். குருத்தெலும்பு எங்கிருந்து எடுப்பது? நடுச்சுவரில் மிச்சம் இருந்தால் அதிலிருந்தே எடுக்கலாம், ஆனால் மூக்குத்தண்டின் பக்கத்திலும் முன்பக்கத்திலும் குறைந்தது ஒரு சென்டிமீற்றர் அகலத்துக்குச் சட்டம் போல விட்டுவிட வேண்டும். அதிலும் கை வைத்தால் இருக்கிற முகடும் விழும். சின்ன வயதில் கரைந்துபோன சுவரில் பெரும்பாலும் எடுக்க ஒன்றும் இருக்காது. காதின் கிண்ணத்திலிருந்து எடுக்கலாம்; காதின் வடிவம் கெடாது, ஆனால் அது வளைந்தது, மெல்லியது, சின்னக் குழிக்குத்தான் போதும். பெரிய குழி, தாங்கவும் பலம் வேண்டும் என்றால் விலா.

விலாக் குருத்தெலும்பு எடுப்பதை முதல் தரம் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. பெண்களுக்கு மார்பின் கீழ் மடிப்பில் சின்னதாய் ஒரு கீறல்; தழும்பு மடிப்புக்குள் மறையும். அதன் வழியாக ஆறாவது அல்லது ஏழாவது விலாவின் குருத்துப் பகுதியை எடுக்கிறார்கள். அதற்கு நேர் கீழே நுரையீரலைப் போர்த்திய சவ்வு. எடுத்து முடிந்ததும் காயத்துக்குள் சேலைன் நிரப்பி, மயக்க மருந்து டொக்டர் நுரையீரலை ஊதிப் பிடிக்க, குமிழி வருகிறதா என்று எல்லோரும் குனிந்து பார்ப்போம். சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்க்கிற அதே முறை. குமிழி இல்லை என்றதும் கூடத்தில் எல்லோருக்கும் மூச்சு வரும்.

எடுத்த துண்டு தேங்காய்ச் சொட்டுப் போல வெள்ளையாக இருக்கும். கத்தி வைத்தால் சவர்க்காரம் சீவுவது போலச் சீவ வரும். சீவியதும் அது வளையத் தொடங்கும். அதுதான் விலாவின் குணம். ஆகையால் நடுப்பகுதியை இரண்டு பக்கமும் சமமாகச் சீவி எடுத்து, சேலைன் கிண்ணத்தில் அரை மணித்தியாலம் போட்டு வைப்பார்கள். எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்துத் திரும்பச் சீவுவார்கள். அந்த அரை மணித்தியாலத்தைப் பொறுக்காதவர் செய்த மூக்கு பிறகு ஒரு பக்கம் சாய்ந்துவிடலாம். இன்னொரு முறையில் குருத்தெலும்பை ஒரு மில்லிமீற்றருக்கும் சிறிதாகப் பொடிப்பொடியாக அரிந்து, காதுக்கு மேலே தலைத்தோலின் கீழிருந்து எடுத்த மெல்லிய சவ்வுக்குள், குழலில் புட்டு மா அடைப்பது போல அடைத்துத் தண்டின் மேல் வைப்பார்கள். அது வளையாது, விரலால் தடவிச் சமப்படுத்தலாம். ஆனால் தாங்குகிற பலம் அதற்கு இல்லை. கப்பை முதலில் வேறு துண்டால் நிறுத்திவிட்டுத்தான் இதை மேலே வைக்க வேண்டும். உங்களுக்கு ஒரு அனுகூலம், 23 வயதில் விலாக் குருத்து இன்னும் மெத்தென்று இருக்கும். வயது போகப்போக அதில் சுண்ணாம்பு ஏறி எலும்பு போலாகிச் சீவ வராது.

கேள்வியில் இல்லாவிட்டாலும் இதற்கு நேர்மாறான குறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், கேட்கிறவர்கள் அநேகம். மூக்குத்தண்டில் மேடு இருந்தால் அதை அராவி இறக்கலாம். முகட்டை வெட்டினால் கூரை திறந்துகொள்ளும் அல்லவா, மேலே தட்டையாகத் தெரியும். அதனால் இரண்டு பக்கத்து எலும்பையும் அடியில் வெட்டி உள்ளே தள்ளி முகட்டை மூடுவார்கள். நடுப்பங்கில் முட்டுக் கொடுக்காமல் விட்டால் சில வருஷத்தில் தலைகீழான ஆங்கில 'V' எழுத்துப் போல ஒரு நிழல் விழலாம், மூச்சும் ஒடுங்கும். மேட்டை அப்படியே வைத்து அடியிலிருந்து ஒரு கீற்று எலும்பை எடுத்து முழு முகட்டையும் கீழே இறக்குகிற முறையும் இப்போது திரும்ப வந்திருக்கிறது.

இந்த வேலை எங்கோ வெள்ளைக்காரர் கண்டுபிடித்து நமக்குத் தந்தது என்று நினைக்காதீர்கள். மூக்கறுப்பது தண்டனையாக இருந்த தேசத்தில்தான் மூக்கு வைக்கிற வைத்தியமும் பிறந்தது. இலையொன்றை மூக்கின் அளவுக்கு வெட்டி, அந்த அளவில் கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு வைப்பதைச் சுஸ்ருதர் பெயரால் வழங்கும் சங்கிதை விவரிக்கிறது. பிற்பாடு நெற்றித் தோலை மடித்து இறக்கும் முறை வந்தது. திப்பு சுல்தானின் ஆட்கள் மூக்கறுத்த ஒரு மாட்டுவண்டிக்காரருக்குப் பூனாப் பக்கத்தில் அப்படிப் புதிய மூக்கு வைத்த செய்தி 1794இல் லண்டன் சஞ்சிகை ஒன்றில் வெளியானது. அதைப் படித்துத்தான் ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கில வைத்தியர் 1814இல் அதே முறையில் செய்தார். கொழும்புக் கூடத்தில் நெற்றித் தோலால் மூக்கு வைத்த நாளில் பெரிய டொக்டர் எங்களுக்கு இதைச் சொன்னார். அன்றைக்கு நான் பட்ட பெருமை இன்னும் மனதில் இருக்கிறது.

சரி, எங்கே போவது? களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டிக் கடிதம் வாங்கிக்கொண்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்குப் போங்கள். மூச்சடைப்பை வடிவாகச் சொல்லுங்கள், எந்த வயதில் எப்படி அடிபட்டது என்பதையும் சொல்லுங்கள். அழகுக்காக மட்டும் என்றால் அரச வைத்தியசாலை வரிசையில் இடம் கிடைப்பது கஷ்டம். விபத்தால் வந்த குறை, மூச்சு விட முடியவில்லை என்பது வைத்தியத் தேவை; அதற்குரிய சிகிச்சைக்கு அரச வைத்தியசாலையில் காசு இல்லை. விலா எடுத்துக் கட்டுகிற அளவு வேலை என்று அவர் கருதினால், கொழும்பு தேசிய வைத்தியசாலை போன்ற இடத்துக்கு, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவு உள்ள இடமாகப் பார்த்துக் கடிதம் தருவார். அந்தக் கடிதத்தோடு போகிறவருக்கும் நேரே போய் நிற்கிறவருக்கும் வித்தியாசம் உண்டு. காத்திருக்க வேண்டி வரும். காத்திருங்கள், பன்னிரண்டு வருஷம் இருந்த குழி இன்னும் ஆறு மாதத்தில் மோசமாகிவிடாது.

தனியாரில் சனல் பண்ணிக் காட்டுவதானால், அவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்த நிபுணரா என்று பாருங்கள். இந்தச் சத்திரசிகிச்சையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், குருத்தெலும்பை எங்கிருந்து எடுப்பார், சரிவராவிட்டால் திரும்பச் செய்வதற்கு யார் காசு கட்டுவது என்று வெட்கப்படாமல் கேளுங்கள். டொக்டர், மயக்க மருந்து, கூடம், அறை என்று காசைப் பிரித்து எழுதி வாங்குங்கள். கணினியில் உங்கள் தங்கச்சியின் படத்தில் மூக்கை மாற்றிக் காட்டுவார்கள். அது பேசிக்கொள்வதற்கு உதவும் படம், அப்படியே வரும் என்ற வாக்கு அல்ல. நல்ல கைகளிலும் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை இரண்டாம் தரம் திருத்த வேண்டி வருகிறது. இதை முதல் சந்திப்பிலேயே தானாகச் சொல்கிற டொக்டரை நான் நம்புவேன்.

சென்னைக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை, அங்கே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூக்கு ஒரு நாளில் முடிகிற வேலை அல்ல. இரத்தக் கசிவு முதல் நாளிலும் வரலாம், ஒரு கிழமை கழிந்தும் வரலாம். வீக்கத்தை வருஷம் முழுக்க யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கட்டவிழ்த்த மறுநாள் விமானம் ஏறி வந்துவிட்டால், பிறகு ஒரு சந்தேகம் என்றால் யாரிடம் போவீர்கள்? செய்தவர் எழுதிய குறிப்பு இல்லாமல் இன்னொருவர் கை வைக்க யோசிப்பார்.

அடுத்தது கலியாணம். மயக்கத்தில் இரண்டு முதல் நாலு மணித்தியாலம், விலா எடுத்தால் இன்னும் கொஞ்சம் கூட. மூக்கின் மேல் வைத்த கட்டை ஒரு கிழமையில் கழற்றுவார்கள். கண்ணைச் சுற்றிய கன்றல் மாற இரண்டு கிழமை. பெரிய வீக்கம் மூன்று மாதத்தில் இறங்கும்; முழுவதுமாக இறங்க ஒரு வருஷம், நமது தோல் தடிப்பாக இருப்பதால் ஒன்றரை வருஷமும் ஆகலாம். நாள் குறித்த பிறகு அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். குறைந்தது ஆறு மாதம் இடைவெளி வேண்டும், ஒரு வருஷம் என்றால் நிம்மதி. மூக்குத்தி போட்டிருந்தால் கூடத்துக்குள் போகுமுன் கழற்ற வேண்டும். இரத்தத்தைச் சுட்டு நிறுத்துகிற மின்கருவியால் உலோகம் இருக்கும் இடத்தில் தோல் வெந்துபோகலாம். திரும்பப் போடுவது டொக்டர் சொன்ன பிறகுதான். ஓட்டை தூர்ந்துவிடும் என்று பயந்து அம்மா அம்மம்மா யாரும் ஈர்க்குக் குத்தி வைக்க வேண்டாம், கிருமி போக அதுவே வழி.

இரண்டு கிழமைக்கு மூக்குச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தலையணை உயர்த்திப் படுக்க வேண்டும். கண்ணாடி போடுகிறவர் என்றால் நாலு முதல் ஆறு கிழமைக்குத் தண்டின் மேல் பாரம் விழாமல் நெற்றியில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் செய்தால் மூக்குக்குள் காய்ந்து பொருக்கு விழும், பிய்த்தால் இரத்தம். டொக்டர் தருகிற உப்புநீரைச் சொன்னபடி விடுங்கள். வெயிலில் அந்தத் தோல் கறுக்கும், குடை பிடிக்கட்டும். சத்திரசிகிச்சைக்கு முன் அஸ்பிரின் போன்ற குளிசை, மீனெண்ணெய், நாட்டு மருந்து எதை எடுத்தாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள், இரத்தம் உறைவதை அவை கெடுக்கலாம்.

அம்மம்மா சொல்லியிருப்பா, பிள்ளையாக இருக்கும்போதே எண்ணெய் வைத்து மூக்கை உருவிவிட்டிருந்தால் இப்படி வந்திராது என்று. அந்தப் பழியை யாரும் சுமக்க வேண்டாம். உருவிவிடுவதால் மூக்குத்தண்டு உயராது. குழந்தைக்கு எல்லோருக்கும் மூக்குத் தாழ்ந்துதான் இருக்கும், வளர வளரத்தான் எழும்பும். இணையத்தில் விற்கிற மூக்குக் கிளிப்பும் அப்படித்தான். அழுத்தி வைத்துத் தோலைப் புண்ணாக்குமே தவிர எலும்பையோ குருத்தையோ மாற்றாது.

அடிபடாமலே ஒருவருக்கு மூக்குத்தண்டு மெல்ல மெல்ல இறங்கினால் அது வேறு கதை, அதை அழகுப் பிரச்சினையாக எடுக்கக் கூடாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குருத்தெலும்பையே தாக்குகிற நோய்கள் இருக்கின்றன. தொழுநோயும் இருக்கிறது. நமது வாவியில், தொழுநோயாளரை ஒதுக்கி வைத்திருந்த மாந்தீவைப் பார்த்து வளர்ந்த நாங்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே பயப்படுகிறோம். இன்று அது ஆறு மாதம் அல்லது ஒரு வருஷம் குளிசை எடுத்தால் குணமாகிற நோய். அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். பயந்து ஒளிப்பதால்தான் மூக்கும் விரலும் போகின்றன. தோலில் உணர்ச்சி குறைந்த படை எங்காவது இருந்தால் அதையும் காட்டுங்கள்.

தம்பி, கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இந்தச் சத்திரசிகிச்சை வேண்டும் என்று தங்கச்சி சொன்னாளா, அல்லது பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு வீட்டில் முடிவெடுத்தீர்களா? உங்கள் கேள்வியில் அவள் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லும் இல்லை. நிபுணர் அவளைத் தனியாக உட்கார வைத்து இதைத்தான் முதலில் கேட்பார், கேட்க வேண்டும். மூச்சுக்காக மட்டும் செய்து குழியை அப்படியே விடுவதும் ஒரு வழி. அதைத் தேர்ந்தெடுத்த பெண்களையும் எனக்குத் தெரியும். செய்வதானால் எந்த அளவுக்கு என்பதையும் அவள்தான் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைப் புத்தகத்தில் மூக்குத்தண்டுக்கும் நெற்றிக்கும் இத்தனை பாகை, உதட்டுக்கு இத்தனை பாகை என்று அளவு போட்டிருப்பார்கள். அவற்றில் அனேகம் ஐரோப்பிய முகங்களை வைத்து எடுத்தவை. நமது முகத்துக்கு அதைப் பொருத்தினால் வேறு யாருடையதோ மூக்கை ஒட்டியது போலிருக்கும்.

கிளினிக்குக்குப் போகும்போது அவளுக்கு அடிபடுமுன் எடுத்த படம் இருந்தால் கொண்டு போங்கள். அது பத்து வயதுப் பிள்ளையின் மூக்கு, வளர்ந்த மூக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அது சொல்லாது. அதனால் அம்மாவையும் கூட்டிப் போங்கள், பெரியம்மா சித்தி இருந்தால் அவர்களைப் பக்கவாட்டில் நிறுத்தி எடுத்த படமும் ஒன்று இருக்கட்டும். அந்த நாளில் நான் பார்த்த நல்ல நிபுணர் ஒருவர், பென்சிலை எடுத்துக் கோடு போடுமுன் தாயின் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.